சுத்தியல் ஏந்திய சிஸ்டரும் சாவிக்கொத்து ஏந்திய சிஸ்டரும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில்)

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் முன்னோர் சொன்ன பழமொழி. இருட்டில் அரண்டவர்களைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். பட்டப்பகலில், மாலை நான்கரை மணிக்கு, ஆள் நடமாட்டமுள்ள நம் பள்ளித் தாழ்வாரத்திலேயே ஒரு மாணவி அரண்டு ஓடியதை இவ்வாண்டு நாங்கள் கண்ணாரக் கண்டோம். அதன் காரணத்தை ஆராயப் புகுந்ததன் விளைவே இக்கட்டுரை.

கல்வியாண்டு தொடங்கிய புதிதில் நடந்தது இது. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த சிறுமி ஒருத்தியைக் காணவில்லை என்று பள்ளி வேன் காத்து நின்றது. தேடிச் சென்ற எங்களுக்கு அவள் மாடிப்படியின் அடியில் அகப்பட்டாள். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர் போயிட்டாங்களா அக்கா?" என்பதுதான் அவள் கேட்ட முதற் கேள்வி.

நாள்தோறும் மாலையில் வகுப்பறைகளைப் பூட்டிவரும் வயது முதிர்ந்த சிஸ்டரை நாம் எல்லோரும் அறிவோம். சாவிக்கொத்து குலுங்கும் ஓசை முதலில் வரும். ஒரு கால் அழுத்தியும் ஒரு கால் இழுத்தும் நடக்கும் ஓசை பின்னால் வரும். அந்த ஓசைதான் அவளை விரட்டியிருக்கிறது. சிஸ்டர் திட்டினாரா என்று கேட்டோம். இல்லை என்றாள். அடித்தாரா? அதுவும் இல்லை. பிறகு ஏன் ஒளிந்தாய் என்றதற்கு, எங்கள் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "அவங்க கிட்ட சுத்தியல் இருக்கும் இல்லக்கா?" என்றாள்.

எங்களுள் பலருக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, ஓரளவு வெட்கமும் வந்தது. ஏனெனில் அந்தச் சுத்தியலை நாங்களும் அறிவோம்.

ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கெப்ளேரியன்ஸ் என்னும் நிறுவனம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட கைப்பேசி விளையாட்டு 'ஈவில் நன்'. தீய கன்னியாஸ்திரி என்பது அதன் பொருள். விளையாடுபவர் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைபட்டிருப்பார். அங்கே சிஸ்டர் மேடலின் என்ற கன்னியாஸ்திரி, வெளிறிய முகமும் கையில் பெரிய சுத்தியலுமாக உலவிக்கொண்டிருப்பார். அவர் பார்வையில் படாமல் தேட வேண்டியவற்றைத் தேடிப் பூட்டுகளைத் திறந்து தப்ப வேண்டும். கீழே ஏதேனும் விழுந்து சத்தம் எழுந்தால் அவர் அங்கே வந்துவிடுவார். வந்தால் அலமாரிக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ பதுங்க வேண்டும். பிடிபட்டால் சுத்தியல் அடி! எதிர்த்து நின்று வெல்வதைவிட ஒளிந்து, காதைத் தீட்டிக்கொண்டு, பொறுமையாக நகர்ந்து வெல்வதே இவ்வகை விளையாட்டின் இலக்கணம்.

நம் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. ஆயினும் மே மாத விடுமுறையில் அண்ணன்மார், சித்தி பிள்ளைகள் ஆகியோரின் கைப்பேசிகளில் எங்களுள் பலர் இதனை ஆடியிருக்கிறோம் என்பதை மறைக்கப் போவதில்லை. எனவே ஓய்வு நேரப் பாடவேளை ஒன்றில் இதைப் பற்றி எங்களுக்குள்ளே பேசினோம். ஒரே வகுப்பில் நான்கு வகைக் கருத்துகள் எழுந்தன.

முதற் கருத்து: "இது வெறும் விளையாட்டு. நாம் சிறு வயதில் தெருவில் ஆடிய ஐஸ்பாய்தான் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கி நின்றோமே, அந்த இன்பமே இதுவும்." இவ்வாறு சொன்ன தோழியர் அதன் நுட்பத்தையும் பாராட்டினர். ஆயுதத்தை நம்பாமல் அறிவை நம்பி ஆடும் விளையாட்டு என்பது அவர்கள் வாதம். முதல் முறை ஆடும்போதுதான் நெஞ்சு படபடக்கும். அந்த உருவம் எந்த வழியாக வரும், எந்த வழியாகப் போகும் என்று பழகிவிட்டால் பயம் போய்விடும் என்றும் சொன்னார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது வேண்டும்.

இரண்டாம் கருத்து: "பகலில் ஆடியபோது சிரித்தோம், இரவில் குளியலறைக்குத் தனியே போக முடியவில்லை." காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு ஆடுவதால் காலடி ஓசை தன் முதுகுக்குப் பின்னாலேயே கேட்பதுபோல் இருக்கும் என்றாள் ஒருத்தி. கைப்பேசியை அணைத்த பின்னும் காது அணைவதில்லை என்றாள் இன்னொருத்தி.

மூன்றாம் கருத்து கோபமாக வந்தது. "இறைவனுக்கும் ஏழைகளுக்கும் வாழ்வைக் கொடுத்தவர்கள் அணியும் உடையைப் பேய்க்கு அணிவிப்பதா?" என்றார்கள். இதே 2018-ஆம் ஆண்டில்தான் 'தி நன்' என்ற ஆங்கிலத் திரைப்படமும் வெளிவந்தது. அதிலும் கன்னியாஸ்திரி உடையில் வருவது பேயே.

நான்காம் கருத்தைச் சொன்ன தோழி சற்றுத் தயங்கியே சொன்னாள். "எல்லாவற்றையும் பொய்யென்று தள்ளிவிட முடியுமா? சில நாடுகளில் சில விடுதிகளில் குழந்தைகள் உண்மையிலேயே துன்பப்பட்டிருக்கிறார்கள் அல்லவா?" அவள் சொன்னது சரியே. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2022 ஜூலையில் கனடா நாட்டுக்குச் சென்று, அங்கே பூர்வகுடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளில் பட்ட துன்பங்களுக்காக மன்னிப்புக் கேட்டார்கள். திருத்தந்தையே மறைக்காத ஒன்றை நாம் மறைக்க வேண்டியதில்லை. பூட்டிய கதவைக் கண்டு ஒரு குழந்தை அஞ்சினால், அந்த அச்சத்தைக் கேலி செய்யாமல் காது கொடுத்துக் கேட்பதே முறை.

நான்கு கருத்துகளிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நால்வரும் சொல்லாத ஒன்றையும் நாங்கள் கவனித்தோம். இத்தகைய விளையாட்டுகளில் நம்மைத் துரத்துபவர் யார்? 2017-இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'கிரானி' என்ற விளையாட்டில் துரத்துபவர் ஒரு பாட்டி. ஐந்து நாட்களுக்குள் அவர் வீட்டிலிருந்து தப்ப வேண்டும். 'ஈவில் நன்' விளையாட்டில் துரத்துபவர் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரி. நம் நாட்டில் உருவான 'கமலா' என்ற விளையாட்டில், 1980-களின் பழைய மாளிகை ஒன்றில் பேய் பிடித்து அலைபவள் வீட்டுப் பெண். பாட்டி, சிஸ்டர், வீட்டுப் பெண்! ஒரு குழந்தை பயந்தால் யாரிடம் ஓடிப் போய் ஒட்டிக்கொள்ளுமோ, அவர்களையே பார்த்துக் குழந்தை ஓடும்படி செய்திருக்கிறார்கள். நம்பிய முகம் மாறுவதைவிடப் பெரிய பயம் இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாட்டிக்கு ஏன் கோபம் வந்தது? சிஸ்டர் மேடலின் ஒரு காலத்தில் என்ன பாடம் நடத்தினார்? நடுநடுவே கதைத் துணுக்குகள் இருக்கலாம். தப்பி ஓடும் அவசரத்தில் அவற்றை யார் படிக்கிறார்கள்? எங்கள் தோழி சொன்னதை இப்போது நினைத்துப் பாருங்கள். அவர் போகும் வழி தெரிந்துவிட்டால் பயம் போய்விடுகிறதாம். வழி தெரிகிறது, உண்மைதான். ஆனால் ஆள் தெரிவதேயில்லை. இதுவே எங்கள் குறை.

நாம் வாழும் புதுச்சேரியின் வரலாற்றைப் பார்த்தால் கதை நேர்மாறாக இருக்கிறது. குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் 1827-ஆம் ஆண்டிலேயே கடல் கடந்து இந்நகருக்கு வந்தனர். ரோமெய்ன் ரோலன் வீதியில் அவர்கள் நடத்தும் எம்பிராய்டரி நிலையத்தில் பெண்கள் ஊசி நூலைக் கொண்டு தம் குடும்பத்தைத் தாங்குகிறார்கள். 1844-இல் லூயி சவீனியன் துப்புயி அடிகளார் தமிழ்ப் பெண் குழந்தைகளுக்குக் கல்வி அளிப்பதற்கென்றே இங்கு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். பெண் எழுத்தறிந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய காலம் அது. அன்று பூட்டியிருந்தது வீட்டுக் கதவு. அதைத் தட்டித் திறக்கச் செய்தவர்கள் கன்னியர். எங்கள் பாட்டிமாருள் சிலர் கையெழுத்துப் போடுவதும், எங்கள் தாய்மாருள் சிலர் அருகிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் செவிலியராக இரவுப் பணி செய்வதும், அன்று திறந்த அந்தக் கதவின் வழியாக வந்தவையே.

இனி, மாடிப்படிக்கு அடியில் ஒளிந்த சிறுமியின் கதையை முடிக்க வேண்டும்.

பெற்றோர் - ஆசிரியர் கூட்டத்தன்று அவள் தாயார் செய்தியறிந்து மிகவும் வருந்தி, சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வந்தார். சிஸ்டரோ, "அந்த விளையாட்டைக் கொஞ்சம் காட்டுங்கள், பார்ப்போம்" என்று கைப்பேசியை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாழ்வார பெஞ்சில் அமர்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டார், சத்தம் எழுந்தது, சுத்தியல் விழுந்தது. சிஸ்டர் வாய்விட்டுச் சிரித்தார். "ஏம்மா, இவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஒரே ஒரு சிஸ்டர்தானா? இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்தால் பாடம் எப்போது நடத்துவார்? பாவம், சாப்பிட்டாரோ இல்லையோ!" என்றார். தாயாரும் சிரித்துவிட்டார். அந்தச் சிறுமி மட்டும் சிரிக்காமல் சிஸ்டரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பார்க்கிறாய்?"

"ஏன் சிஸ்டர் இழுத்து இழுத்து நடக்குறீங்க?"

இத்தனை ஆண்டுகளாக இப்பள்ளியில் படிக்கும் நாங்கள் ஒருவரும் கேட்காத கேள்வி அது. சிஸ்டர் சொன்னார்: இளம் வயதில் பல ஆண்டுகள் மருத்துவமனையில் நோயாளிகளிடையே இரவெல்லாம் நின்று பணி செய்தாராம். முழங்கால் அப்போதே தேய்ந்துவிட்டதாம். மழைக்காலத்தில் வலி அதிகமாம். "பூட்டுகிற வேலையை வேறு யாரிடமாவது கொடுக்கலாமே சிஸ்டர்?" என்றோம். "எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று என் கண்ணால் பார்த்தால்தான் எனக்கு இரவு தூக்கம் வரும்" என்றார்.

எங்களுக்கு நாக்கு எழவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்களைக் குறை சொன்னோமே, நாங்கள் மட்டும் என்ன செய்தோம்? சிஸ்டர் எத்தனை மணிக்கு எந்தத் தாழ்வாரத்தில் வருவார் என்பது எங்களுக்கு அத்துப்படி. அந்த ஓசை கேட்டதும் பாடநூலுக்குள் இருக்கும் வார இதழை எங்கே தள்ளுவது என்பதும் தெரியும். நாங்களும் வழியைத்தான் தெரிந்து வைத்திருந்தோம், ஆளைத் தெரிந்துகொள்ளவில்லை.

ஆகவே இத்தகைய விளையாட்டுகளை அறவே தடை செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. தடை செய்தால் அவற்றையும் ஒளிந்து ஆடுவார்கள்! எங்கள் வேண்டுகோள்கள் வேறு.

பெற்றோர்களே, பிள்ளை சாப்பிட வேண்டுமே என்று கைப்பேசியைக் கொடுக்குமுன், விளையாட்டின் பக்கத்தில் 3+, 7+, 12+, 16+, 18+ என்று போட்டிருக்கும் வயதுக் குறியை ஒருமுறை பாருங்கள். பயந்து எழும் குழந்தையிடம், "பேயும் இல்லை பிசாசும் இல்லை, படு" என்று அதட்டாமல், எதைக் கண்டு பயந்தது என்று கேளுங்கள்.

தங்கைகளே, இரவில் தனியே ஆடாதீர்கள். பயந்தால் சொல்லுங்கள். ஒளிந்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கும் பயம்தான் வளர்கிறது.

நாளை கணினி படித்து விளையாட்டுகளை உருவாக்கப் போகும் தோழியரே, கனடாவின் டொரண்டோ நகரிலிருந்து 2023-இல் வெளிவந்த 'வெண்பா' என்ற விளையாட்டைப் பற்றிக் கேட்டறியுங்கள். அதில் பேயும் இல்லை, சுத்தியலும் இல்லை. அந்நாட்டில் குடியேறிய ஒரு தமிழ்த் தாய், சிதைந்துபோன சமையல் குறிப்பேட்டைக் கொண்டு இட்லி முதலியவற்றைச் செய்கிறாள். நாமும் உடன் செய்கிறோம். ஆடி முடிப்பதற்குள் ஒரு தாயைத் தெரிந்துகொண்டுவிடுகிறோம். இதற்கு 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் கிடைத்தது. பயமுறுத்தினால்தான் விற்கும் என்பது உண்மையில்லை என்பதற்கு இதுவே சான்று.

அன்புள்ள அருட்சகோதரியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறோம். எங்கள் மதிப்பெண்களும் எங்கள் வீட்டு நிலையும் உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊர், உங்கள் இளமை, உங்கள் முழங்கால் வலி ஆகியவை எங்களுக்குத் தெரியாது. அவ்வப்போது எங்களிடம் சொல்லுங்கள். தெரிந்த முகத்தைக் கண்டு யாரும் ஓடுவதில்லை.

இப்போதெல்லாம் வேன் கிளம்புவதற்கு முன் கால்மணி நேரம், அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு பேர் நடக்கும் ஓசை கேட்கிறது. ஒன்று அழுத்தியும் இழுத்தும் நடப்பது. மற்றொன்று துள்ளி ஓடுவது. சாவிக்கொத்து இருப்பது ஆறாம் வகுப்புச் சிறுமியின் கையில். எந்த அறைக்கு எந்தச் சாவி என்பது அவளுக்கு இப்போது மனப்பாடம்.