உங்கள் பெயருக்கு நேராக என்ன எழுதியிருக்கிறீர்கள்?

பெற்றோர்களே, புது நாட்காட்டி சுவரில் ஏறுவதற்கு முன்பே நம் வீடுகளில் பிள்ளைகளின் பெயருக்கு நேராக இலக்குகள் ஏறிவிடுகின்றன. மூத்தவனுக்கு எஸ்.பி.எம்.மில் பத்து ஏ. அடுத்தவளுக்கு மெட்ரிகுலேஷன், அதன் பிறகு மருத்துவம். தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படிக்கும் கடைக்குட்டிக்குக்கூட அறிவியல் விழாவில் ஒரு பதக்கம். அப்பாவின் பெயருக்கு நேராக என்ன? அம்மாவின் பெயருக்கு நேராக என்ன? ஒன்றுமில்லை. கேட்டால், "எங்களுக்கு இனிமே என்ன இருக்கு, எல்லாம் புள்ளைங்களுக்குத்தானே" என்கிறோம். முப்பத்தெட்டு வயதில் இதைச் சொல்கிறோம். சொல்லிவிட்டுப் பெருமையும் படுகிறோம்.

ஈப்போவில் உங்களைப் போலவே பிள்ளைகளை வளர்க்கிற ஒரு தாயாகச் சொல்கிறேன்: இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நமக்கு முன்னால் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் நம்மைவிடப் பெரிய ஆசை வைத்திருந்தார்கள், அதுவும் தங்கள் சொந்தப் பெயரில்.

சுங்கை சிப்புட்டிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஊரில் 1919இல் பிறந்தவர் வீ.தி. சம்பந்தன். ம.இ.கா.வின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர் என்பதுதான் நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அவர் செய்த காரியங்களில் மிகப் பெரியதை நாம் அவர்களுக்குச் சொல்லித் தருவதே இல்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுக்கொண்டு போகத் தொடங்கின. வாங்கியவர்கள் முழுத் தோட்டமாக வைத்துக்கொள்ளவில்லை. துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியவர்கள் இன்றும் வயிறு எரிந்து சொல்வது இதைத்தான். பால்மரம் கைமாறியதும் வேலை போயிற்று. வேலை போனதும் லயத்து வீடு போயிற்று. கோயிலும் பள்ளிக்கூடமும் ஆயாக் கொட்டகையும் இருந்த ஒரு வாழ்க்கை, யாரோ போட்ட ஒரு கையெழுத்தில் கலைந்தது. இந்தத் துண்டாடலைப் பற்றிப் பேராசிரியர் உங்கு அசிஸ் தனியாக ஓர் ஆய்வே செய்தார் என்றால் அது எவ்வளவு பெரிய அடி என்று நினைத்துப் பாருங்கள்.

அப்போது சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் சொன்ன யோசனை, கேட்டவர்களுக்குக் கனவு போலத்தான் இருந்திருக்கும். மரம் சீவுகிறவர்களே தோட்டத்தை வாங்குவது! 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. ஒரு பங்கு நூறு வெள்ளி. மொத்தமாகக் கொடுக்க யாராலும் முடியாது, ஆகவே மாதம் பத்து வெள்ளி. பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாள்கூலி ஒருசில வெள்ளியாக இருந்த காலம் அது. பத்து வெள்ளி என்றால் பல நாள் உழைப்பு. விடியும் முன் பெரட்டுக்கு நின்று, மரம் சீவி, வாளி தூக்கி, பால் நிறுத்துவிட்டு வந்து, மளிகைக் கடன் போக மிஞ்சியதில் அந்தப் பத்தை எடுத்து வைத்தார்கள். அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் அவர்களுடைய சங்கத்தின் கைக்கு வந்தது. அதன் பிறகு பல மாநிலங்களில் பல தோட்டங்கள்.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்று. அந்தப் பங்கு அவரவர் சொந்தப் பெயரில் இருந்தது. கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் வைக்கிறவர்கள் நிறைந்திருந்த லயங்களில், "நான் ஒரு தோட்டத்துக்குப் பங்காளி ஆவேன்" என்று மனிதர்கள் தங்களைப் பற்றி நினைக்கத் துணிந்தார்கள். என் மகன் வளர்ந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று அவர்கள் தள்ளிப்போடவில்லை. அதற்காகப் பிள்ளைகளையும் விட்டுவிடவில்லை. சம்பந்தனின் முயற்சியில் 1954இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலையில், சுங்கை சிப்புட்டில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். தனக்கு ஓர் இலக்கு வைத்துக்கொண்டால் பிள்ளைக்குக் குறைந்துவிடும் என்ற பயம் எப்போது நமக்குள் வந்தது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் தலைமுறையில் பலருக்குப் படிப்பு பாதியில் நின்றது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. செம்மோரிலும் பத்து காஜாவிலும் பீடோரிலும் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில், மூன்றாம் படிவத்தோடு தொழிற்சாலைக்குப் போன அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். எஸ்.பி.எம். எழுதியும் மலாய்மொழி தவறிச் சான்றிதழ் கிடைக்காமல் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த வலி ஆறவில்லை. ஆறாத வலியைப் பிள்ளையிடம் கொடுத்து, நீ இதை ஆற்று என்கிறோம். பதினேழு வயதுப் பையன் தேர்வு மண்டபத்துக்குள் தன் தாளை மட்டும் எழுதப் போவதில்லை. அப்பா எழுதாமல் விட்ட தாளையும் அம்மாவின் நிறைவேறாத ஆசையையும் சேர்த்து எழுதப் போகிறான். பத்து ஏ எடுத்தவர்களுக்கு மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது நல்ல செய்திதான். நம் வீடுகளில் அதுவும் பிள்ளையின் கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிட்டது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளை அழுதுகொண்டு வீட்டுக்கு வருகிறது. ஒன்பது ஏ, பெற்றோர்களே!

இலக்கைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லேதம் என்ற இரண்டு உளவியலாளர்களின் முடிவு, கடினமான, தெளிவான இலக்குதான் மனிதனை உயர்த்தும் என்பது. 'முடிந்தவரை செய்' என்ற சொல்லுக்கு அந்தப் பலம் இல்லை. லேதம் 1975இல் வெளியிட்ட ஓர் ஆய்வு நம்மைப் போன்ற உழைப்பாளிகளைப் பற்றியது. அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றும் லாரிக்காரர்கள், சட்டம் அனுமதிக்கும் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 94 விழுக்காடு என்று இலக்கு வைத்தார்கள். எட்டாமல் போனால் யாரையும் குறை சொல்ல மாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களில் ஏற்றம் 90 விழுக்காட்டை ஒட்டி நின்றது. பெரிய இலக்கை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சுமக்கிறவன் மனதார ஏற்றுக்கொண்டால்தான் அது வேலை செய்யும் என்றும் அதே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எட்டாவிட்டால் திட்டு விழாது என்ற உறுதியை நம்மில் எத்தனை பேர் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறோம்? பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தேர்ச்சியைச் சொல்லிக் காட்டாமல் ஓர் ஆண்டையாவது கடந்திருக்கிறோமா?

உங்களுக்கென்று ஓர் இலக்கு வையுங்கள் என்றால், நேரம் இல்லை என்பீர்கள். கையுறைத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர வேலை, சனிக்கிழமை ஓவர்டைம், மீதி நேரத்தில் கிராப். உண்மைதான், நான் மறுக்கவில்லை. உடம்பு ஓய்ந்து வருகிற மனிதனிடம் இன்னொரு வேலை செய் என்று கேட்பது எளிதில்லை. ஆனாலும் கேட்கிறேன். நாலரை மணிக்கு எழுந்த பால்வெட்டுக்காரிக்கு உங்களைவிட அதிக நேரம் இருந்ததா?

வயதாகிவிட்டது என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். எஸ்.பி.எம். தேர்வைத் தனியார் தேர்வராக எந்த வயதிலும் எழுதலாம். அன்று தவறிய மலாய்மொழித் தாளை இன்று எழுதலாம். வீட்டிலேயே அதே பாடத்தைப் படிக்கும் பிள்ளை இருக்கும்போது உங்களுக்கு ட்யூஷன் ஆசிரியர்கூடத் தேவையில்லை. 21 வயதைத் தாண்டியவர்கள், செய்துவரும் தொழிலின் அனுபவத்தைக் காட்டி ஏப்பெல் மதிப்பீட்டில் தேறினால், எஸ்.டி.பி.எம். இல்லாமலேயே இளங்கலைப் படிப்பில் சேர வழி இருக்கிறது. இருபது ஆண்டு கணக்கு எழுதியவருக்கும், பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே பாதி ஆயுளைக் கழித்தவருக்கும் திறந்திருக்கிற கதவு இது. இந்தக் கதவு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் என்பது மட்டும் மனப்பாடம்.

படிப்பே வேண்டாம் என்றால் உடம்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2023இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நம் இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். கிளினிக் கெசிஹாத்தான் வரிசையில் உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்தாலே தெரியும். மகளை டாக்டராக்க ஆசைப்படும் தகப்பன், அவள் டாக்டராகும் நாளில் இரு கால்களோடும் நிற்க வேண்டாமா? 'கொஞ்சம் நடக்கணும்' என்று சொல்வதை இலக்கில் சேர்க்காதீர்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவை எந்த எண்ணுக்குக் கொண்டுவருவது என்று மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள். மெங்லெம்புவுக்கு மேலே நிற்கிற கிளேடாங் மலை 808 மீட்டர். ஈப்போக்காரர்கள் காலையில் ஏறி இறங்குகிற மலைதான். 1997 மே 23ஆம் தேதி எவரெஸ்டின் உச்சியில் கால் வைத்த முதல் இரண்டு மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும் என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்கிறோமே, அந்தப் பெருமையில் நமக்கும் பங்கு வேண்டுமென்றால் கிளேடாங்கையாவது ஏற வேண்டும். சீனிவாசகம் பூங்காவில் நடக்கத் தொடங்குங்கள். தீபாவளிக்குள் மலை உச்சி என்று எழுதி வையுங்கள்.

அம்மாமார்களிடம் தனியாக ஒரு வார்த்தை. நம் அப்பாமார்களாவது சங்கம், கோயில் கமிட்டி என்று ஏதோ ஒன்றில் பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்கள் பெயரே இல்லாமல் 'இன்னார் அம்மா'வாக முடிந்துபோக நினைக்கிறீர்கள். புந்தோங்கில் தலைச்சுமையாகவும் சைக்கிளிலும் தொடங்கிய கச்சாங் பூத்தே வியாபாரம், இன்று பொட்டலமாக நாடு முழுக்கப் போகிறது. அந்தக் கடலையை வறுத்ததிலும் முறுக்கைப் பிழிந்ததிலும் பெண்களின் கை எவ்வளவு என்று அங்கே கேட்டுப் பாருங்கள். பலகாரம் சுட்டு அண்டை அயலுக்குக் கொடுக்கிற கைதானே உங்களுடையது? விலை போடக் கூச்சப்படாதீர்கள். கம்பெனிப் பதிவில் கணவர் பெயரையோ மகன் பெயரையோ கொடுக்காமல் உங்கள் பெயரைக் கொடுங்கள்.

தோட்டம் வாங்கிய அந்தக் கூட்டுறவுச் சங்கத்துப் பெரியவர்களின் கணக்கு எளிமையானது: நூறை மாதம் பத்தாகப் பிரித்தார்கள். ஆண்டு இலக்கு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இருக்கட்டும், இந்த மாதத்துப் பத்து வெள்ளி எது என்று அதன் கீழே எழுதுங்கள். கிளேடாங் என்றால் ஜனவரியில் எத்தனை நாள் நடை, தேர்வு என்றால் ஜனவரியில் எத்தனை கட்டுரை. எழுதியதைப் பீரோவுக்குள் பூட்டி வைக்காதீர்கள். பிள்ளையின் கையில் கொடுங்கள். இத்தனை ஆண்டுகளாக மாதத் தேர்வு முடிந்ததும் நாம்தான் அவர்களைக் கேட்டோம். இந்த ஆண்டு மாதக் கடைசியில் அவர்கள் நம்மைக் கேட்கட்டும். கேட்கும்போது முகத்தைச் சுளிக்காமல், செய்தது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று பதில் சொல்லுங்கள். தவறியதைச் சொல்லும்போது நீங்கள் எப்படிப் பேசுகிறீர்கள் என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பள்ளி திறக்கும் வாரத்துக்குள் இதைச் செய்துவிடுங்கள். எஸ்.பி.எம்.மில் தவறியவர்கள் அந்தப் பழைய தேர்வு முடிவுத் தாளைத் தேடி எடுங்கள். தனியார் தேர்வர்களுக்கான பதிவு எப்போது என்று தேர்வு வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துச் சொல்லும் வேலையை மகளிடமே கொடுங்கள்.