கடன் கொப்பியை யாரிடம் கொடுக்கிறோம்?

எங்கட ஊரில் செயற்கை நுண்ணறிவு பாவிப்பதா வேண்டாமா என்ற விவாதம் எப்போதோ முடிந்து விட்டது. பெருநாள் சீசனில் துணிக்கடை போடும் போஸ்டர், ஹாட்வெயார் கடையின் விலைப்பட்டியல், ரியூட்டரி நோட்டீஸ், ஏஜென்சிக்காரர் சவூதிக்கு அனுப்பும் ஆங்கிலக் கடிதம் என்று பலதும் சட்ஜிபிடியிலும் ஜெமினியிலும்தான் தயாராகின்றன. பார்த்தவுடன் தெரிந்து விடும். "விலைக்கழிவு" வர வேண்டிய இடத்தில் "தள்ளுபடி" வந்திருக்கும், ரூபாவுக்கு இந்தியாவின் குறியீடு விழுந்திருக்கும். (பிழை பிடிப்பது எங்கள் தொழில், மன்னிக்கவும்.)

நாங்கள் இதற்கு எதிரானவர்கள் இல்லை. மருதமுனையில் கைத்தறிச் சாரன் நெய்து விற்கும் ஒருவர், வெளிநாட்டில் இருந்து வரும் ஓர் ஆங்கில விசாரணைக்குப் பதில் எழுத இன்னொருவர் வீட்டு வாசலில் போய் நிற்கத் தேவையில்லை என்பது சின்ன விடயமல்ல. எங்கள் கவலை வேறு. போஸ்டரோடும் கடிதத்தோடும் நிற்காமல், அடுத்தவர்களின் சொந்த விபரங்களும் அதற்குள் போகத் தொடங்கி விட்டன.

கடைகளில் கடன் கொப்பி என்று ஒன்று இருக்கும். யார் வீட்டில் இந்த மாதம் சம்பளம் வரவில்லை, யார் பிள்ளைக்குப் பால்மாவைக் கடனுக்கு வாங்குகிறார் என்பதெல்லாம் அதில் இருக்கும். பழைய முதலாளிமார் அதை லாச்சிக்குள் வைத்துப் பூட்டுவார்கள். பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்த்தால் கையால் மறைப்பார்கள். அது அமானிதம் என்று யாரும் அவர்களுக்கு வகுப்பெடுக்கவில்லை. இன்று அதே கொப்பியைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து, "ஆர் ஆர் எவ்வளவு தரவேணும் என்று கூட்டித் தா" என்று இலவசச் செயலிக்குள் போடுகிறோம். கூட்டல் சரியாகவே வரலாம். அந்தப் பெயர்கள் எங்கே போயின?

அவை வெளிநாட்டு நிறுவனமொன்றின் கணினிகளில் போய் உட்காருகின்றன. சட்ஜிபிடி போன்றவற்றின் இலவசக் கணக்கில், செட்டிங்கில் போய் நாமாக நிறுத்தாவிட்டால், நாம் எழுதுவதை அடுத்த பதிப்பைப் பழக்குவதற்கும் எடுத்துக்கொள்ள முடியும். காசு கட்டி எடுக்கும் வியாபாரக் கணக்குகளில் பொதுவாக அப்படி எடுப்பதில்லை. 2023 இல் சாம்சுங் கம்பனியின் பொறியியலாளர்களே தங்கள் கம்பனியின் இரகசிய நிரல்களை சட்ஜிபிடிக்குள் போட்டு விட்டார்கள். அதன் பிறகுதான் அங்கே இவற்றுக்குத் தடை வந்தது. 2025 இல் சட்ஜிபிடியில் பலர் பகிர்ந்த உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன. பிறகு அந்த வசதியையே எடுத்து விட்டார்கள்.

எங்களை அதிகம் பயப்படுத்துவது பாமசிதான். டொக்டரின் எழுத்து விளங்காத துண்டைப் போட்டோ எடுத்து "இது என்ன மருந்து" என்று கேட்பது மிகச் சுலபம். அதில் நோயாளியின் பெயர், வயது, சில நேரம் நோயும் இருக்கும். சர்க்கரை, மனநோய், பிள்ளைப்பேறு என்று வீட்டுக்குள்ளேயே மெதுவாகப் பேசும் விடயங்கள் அவை. அது ஒரு பக்கம். மறுபக்கம், இந்தச் செயலி "தெரியாது" என்று சொல்வது குறைவு. வாசிக்க முடியாததையும் வாசித்தது போலவே, அதே உறுதியான குரலில் சொல்லும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் என்ற மருந்தை எடுத்துக் கொள்ளுங்கள். அது வாரத்துக்கு ஒரு தடவை குடிப்பது. தினமும் குடித்தால் உயிருக்கே ஆபத்து. துண்டில் இருக்கும் "வாரம்" என்பதை "தினம்" என்று செயலி வாசித்துச் சொன்னால், மருந்தைக் கட்டிக் கொடுத்த கைதான் பொறுப்பு. பாமசியில் பதிவு பெற்ற மருந்தாளர் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். எழுத்து விளங்காவிட்டால் எழுதிய டொக்டருக்கே கோல் எடுப்பதை விடச் சிறந்த வழியை இன்னும் எந்தக் கம்பனியும் கண்டுபிடிக்கவில்லை.

அபாயா தைக்கும் இடங்களுக்கும் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் அளவுக்காகவும் மொடலுக்காகவும் வட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை, "இந்த டிசைனைப் போட்டால் எப்படி இருக்கும் பார்ப்போம்" என்று படம் வரையும் செயலிக்குள் போட வேண்டாம். அவர் படத்தை உங்களிடம் தந்தது தைப்பதற்கு. வேறொன்றுக்குத் தேவையென்றால் கேளுங்கள், அவர் சம்மதித்தால் போடுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் முதலாளிமார் கேட்பது ஒன்றுதான்: "எங்கட சின்னக் கடையை ஆர் வந்து பார்க்கப் போறான்?" முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன என்பது உண்மை. பிற்போடுவது வேறு, இல்லாமல் போவது வேறு. ஒருவர் தன் சொந்த, வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் விபரங்களை அது தொடுவதில்லை. கடைக் கணக்கு வீட்டுத் தேவை ஆகாது. ஒருவரின் உடல்நலம், மத நம்பிக்கை, பிள்ளைகள் பற்றிய விபரங்களை விசேட வகை என்று தனியாகப் பிரித்து, கூடுதல் கவனம் கேட்கிறது. பாமசியும் ரியூட்டரியும் அதற்குள் நேராக வந்து விடுகின்றன. தவறும் ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் ஒரு கோடி ரூபா வரை தண்டப்பணம் விதிக்க 2022 சட்டத்தில் இடம் இருக்கிறது.

அதிகாரி யாரும் வராவிட்டாலும் கூட, சின்னக் கடை என்பதால்தான் கவனம் அதிகம் வேண்டும். கொழும்பில் ஒரு பெயர் கசிந்தால் அது ஆயிரத்தில் ஒன்று. இங்கே பெயரை வெட்டி விட்டு, "மார்க்கட் வீதி, வாப்பா கட்டாரில், மூன்று குமர்ப்பிள்ளை" என்று மட்டும் விட்டாலும் ஊர் முழுக்க வீட்டைக் காட்டும். ஆகவே பெயரை மட்டும் அழித்து விட்டுப் பாதுகாப்பு என்று நினைக்க முடியாது. கூட்டிப் பார்க்க வேண்டுமானால் தொகைகளை மட்டும் கொடுங்கள். 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கள், எந்த இலக்கம் எந்த வீடு என்பது கொப்பியிலேயே இருக்கட்டும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு இலக்கம் எதுவும் அதற்குள் போகக் கூடாது. போட்டோக்கொப்பி எடுக்கும் கொமினிகேஷன் கடைக்காரர்கள் இந்த வரியைத் தயவு செய்து இரண்டு தடவை வாசியுங்கள்.

வட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் பொட் வைப்பதும் இப்போது பரவுகிறது. அது சொன்னதும் கடை சொன்னதுதான். எயார் கனடா நிறுவனத்தின் பொட், குடும்பத்தில் மௌத்துக்காகப் பயணம் செய்த ஒருவருக்குக் கட்டணக் கழிவு பற்றிப் பிழையான தகவலைக் கொடுத்தது. பொட் சொன்னதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று கம்பனி வாதாடிப் பார்த்தது. 2024 இல் அங்குள்ள தீர்ப்பாயம் அதை ஏற்காமல் நட்டஈடு கொடுக்கச் சொன்னது. விலை, உத்தரவாதம், திருப்பி எடுத்தல் பற்றிய கேள்விகளுக்கு மனிதரே பதில் சொல்லும்படி வையுங்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாமல் நடப்பது. பேஸ்புக்கில் "பிரிமியம் எக்கவுண்ட்" மலிவாக விற்கிறார்கள். ஒரே பாஸ்வேர்ட்டை முன்பின் தெரியாத பலருக்குக் கொடுத்திருப்பார்கள். உங்கள் கேள்விகளை அவர்கள் எல்லாருமே திறந்து வாசிக்கலாம். கடன் கொப்பியைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து விட்டு வருவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதை விட இலவசக் கணக்கே மேல்.

கடையில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் முதலாளி இல்லை. உயர்தரம் எழுதி விட்டு ரிசல்ட் வரும் வரை நிற்கும் தம்பிதான். எங்களிடம் படித்த பிள்ளைகள், கெட்டிக்காரர்கள். அவர் தன்னுடைய சொந்த போனில், சொந்தக் கணக்கில் செய்கிறார். ரிசல்ட் வந்து கம்பஸுக்குப் போகும் நாளில் கடையின் ஆறு மாதக் கணக்கும் அவர் பொக்கட்டிலேயே போய் விடும். அவரில் குற்றம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்கென்று தனி மின்னஞ்சலில் ஒரு கணக்கைத் திறந்து, இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, பயிற்சிக்குக் கொடுக்கும் செட்டிங்கை நிறுத்தி, எதைப் போடலாம் எதைப் போடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதி காசு மேசைக்கு மேல் ஒட்டினால் அரை மணித்தியால வேலை.

அந்த அரை மணித்தியாலத்துக்கு யாராவது கூட இருக்க வேண்டுமென்றால் சொல்லுங்கள். வரும் விடுமுறையில் அஸருக்குப் பிறகு பாடசாலையில் இருந்து எங்களில் மூன்று நான்கு பேர் கடைகளுக்கு வர ஆயத்தம். கடைத் தம்பியும் அந்த நேரம் இருக்கட்டும். எந்த நாள் வசதி என்று கீழே எழுதுங்கள்.