நடக்கும் வண்டிக்கு எத்தனை மோட்டார்?

கணிப்பொறியில் வண்டி கட்டும் விளையாட்டு வீண்பொழுது என்று பெரியோர் கூறுவர். காலால் நடக்கும் வண்டி ஒன்றை அதில் கட்டிப் பார்த்தவர் அவ்வாறு கூறமாட்டார் என்பது என் எண்ணம்.

2015-இல் முதலில் வெளியான 'பிசீஜ்' போன்ற விளையாட்டுகளில், சுழலும் சக்கரத்தின் ஓரத்தில் பொருத்திய கால் எழுந்தும் ஊன்றியும் நடக்கும். பலரும் காலுக்கொரு மோட்டார் வைக்கின்றனர். எல்லாம் ஒரே வேகம்தானே என்ற நம்பிக்கை! ஆனால் பாரம் தாங்கும் கால் சற்றே பிந்தும். ஒன்று நிமிடத்திற்கு 60 சுற்றும் மற்றொன்று 59 சுற்றும் சுழன்றால், 30 விநாடியில் அரைச்சுற்று பின்தங்கிவிடும். ஊன்ற வேண்டிய கால் அந்தரத்தில் நிற்கும்; வண்டி குப்புற விழும். மோட்டாரின் பலத்தைக் கூட்டினால் (எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான்) இன்னும் வேகமாய் விழும்.

ஆகவே ஒரே மோட்டார், ஒரே தண்டு, அதிலிருந்தே எல்லாக் கால்களுக்கும் இயக்கம் என்பதே சரியான வழி. 1878-இல் பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்ற நடைப்பொறியில், ருஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் எதிர்மூலைக் கால்கள் சேர்ந்தே எழுமாறு சட்டங்களால் பிணைத்திருந்தார். நெதர்லாந்தின் தியோ யான்சன் 1990 முதல் கடற்கரையில் நடக்கவிடும் குழாய் உருவங்களுக்கும் நடுவே வளைதண்டு உண்டு. ஏன், நம் தையல் இயந்திரத்தில் ஊசி கொண்டுவரும் நூலைக் கீழேயுள்ள கொக்கி தவறாமல் பிடிப்பதும், இரண்டும் ஒரே தண்டிலிருந்து இயங்குவதால்தான்.

ஒரு கால் சிக்கினால் எல்லாமே நின்றுவிடுமே என்று தோழியர் கேட்பதுண்டு. நிற்கட்டுமே! எங்கே சிக்கியது என்று பார்த்துச் சரிசெய்யலாம். விழுந்து நொறுங்கிய வண்டியில் எதைத் தேடுவது?