மிஸ்டர் பீன் கார்ல ஹீட்டர் சில்லுனு வீசுதா? உஷார்!

மிஸ்டர் பீன் கதவில் பூட்டு மாட்டி பூட்டிவிட்டுப் போவாரே, அந்தப் பச்சை மினி கார் ஞாபகம் இருக்கிறதா? அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து, 1959-ல் இங்கிலாந்தில் அறிமுகமானது மினி. குட்டிக் காருக்குள் நான்கு பேர் உட்கார இடம் வேண்டுமே! இன்ஜினையே குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டார் மனிதர். ரேடியேட்டரும் முன்பக்கத்தை விட்டுவிட்டு, ஓரமாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது.

இந்தக் காரின் ஹீட்டரில் கரன்ட் கம்பிச் சுருள் எதுவும் கிடையாது. அது இன்னொரு குட்டி ரேடியேட்டர், அவ்வளவுதான். இன்ஜினின் சூடான கூலன்ட் அதற்குள் ஓடும். ஃபேன் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும். இங்கிலாந்துக் குளிரில் கால் விறைக்காமல் இருப்பது இதனால்தான்.

இனி கூலன்ட் போகும் வழி. பம்ப் அதை ரேடியேட்டரின் அடியிலிருந்து இழுத்து இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிலிண்டர்களைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே, சிலிண்டர் ஹெட்டுக்கு ஏறுகிறது. அங்கே வாசலில் காவல் நிற்பது தெர்மோஸ்டாட். சுமார் 82 டிகிரி செல்சியஸ் வரும்வரை அது ரேடியேட்டருக்குப் போகும் கதவைத் திறக்காது. இன்ஜின் சீக்கிரம் சூடேறத்தான் இந்த ஏற்பாடு.

கதவு மூடியிருக்கும்போது கூலன்ட் எங்கே போகும்? இரண்டு சந்துகள் இருக்கின்றன. ஒன்று, ஹெட்டிலிருந்து நேராக பம்புக்கே திரும்பும் பைபாஸ் ஹோஸ். விரல் நீளம்கூட இருக்காது, ஆனால் மாற்றுவதற்குள் மெக்கானிக்கின் பொறுமையைச் சோதித்துவிடும். இன்னொன்று, ஹெட்டின் மறுமுனையில் இருக்கும் ஹீட்டர் வால்வு வழியாக ஹீட்டருக்குள் போய்த் திரும்புவது.

வம்பு இங்கேதான். ஒழுகுகிறது என்று சிலர் பைபாஸை அடைத்துவிடுவார்கள். வெயில் காலம் வந்ததும் ஹீட்டர் வால்வையும் மூடிவிடுவார்கள். இப்போது ஸ்டார்ட் செய்தால் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை கூலன்ட்டுக்குப் போக்கிடமே இல்லை! ஹெட்டில் ஆங்காங்கே கொதிக்க ஆரம்பிக்கும். ஹெட் கேஸ்கட் போனால் செலவு சின்னதாக இருக்காது. பைபாஸை அடைத்தவர்கள் ஹீட்டர் பாதையையாவது திறந்து வைக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டில் சின்ன ஓட்டைகள் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

இன்ஜின் நன்றாகச் சூடாகி, வால்வும் திறந்திருக்கும்போது ஹீட்டரிலிருந்து திடீரெனச் சில்லென்று காற்று வந்தால் அலட்சியம் வேண்டாம். கூலன்ட் குறைந்திருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம். மீட்டர் முள் சரியாகத்தானே நிற்கிறது என்று நம்பிவிடவும் கூடாது. சென்சார் கூலன்ட்டில் மூழ்காமல் காற்றில் நின்றால் முள் பொய் சொல்லும்.

கூலன்ட் இருந்தும் டிராஃபிக்கில் முள் மேலே ஏறுகிறதா? ஹீட்டரையும் அதன் ஃபேனையும் முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வேர்த்துக் கொட்டும்தான். ஆனால் இன்ஜினின் சூடு கொஞ்சம் வெளியேறும். அப்படியே ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் செய்யுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் உடனே கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் இறங்கி, கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும்.

நன்றாக ஆறிய பிறகு, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து, தண்ணீரும் ஆன்டிஃப்ரீஸும் கலந்த கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். சிறிது நேரம் இன்ஜினை ஓடவிட்டால் அடைத்திருந்த காற்று வெளியேறி மட்டம் இறங்கும். இன்ஜினை மறுபடி ஆறவிட்டு, குறைந்ததை நிரப்பி மூடியைப் போடலாம்.