அயர்ன் செட்டும் ‘திறன்நிலை’ என்னும் சொல்லும்

கோல்ஃப் மட்டை விற்கும் நிறுவனங்களின் விலைப்பட்டியல்கள் வாங்குவோரைப் பெரும்பாலும் மூன்று சாதிகளாகப் பிரிக்கின்றன. ‘கேம் இம்ப்ரூவ்மென்ட்’ அயர்ன் கீழ்த்தட்டுக்கு. ‘பிளேயர்ஸ் டிஸ்டன்ஸ்’ அயர்ன் இடைத்தட்டுக்கு. வெறும் ‘பிளேயர்ஸ்’ அயர்ன் மேல்தட்டுக்கு. பெயரமைப்பே தீர்ப்பையும் சொல்லிவிடுகிறது. மூன்றாம் வகையினர் மட்டுமே ஆட்டக்காரர்கள். முதல் வகையினர் ஆட்டம் திருந்த வேண்டியவர்கள். எவர் எந்தத் தட்டில் நிற்பவர் என்பதை ஹேண்டிகேப் என்ற எண் தீர்மானிக்கிறது. 2020-இல் உலகம் முழுமைக்கும் பொதுவாக்கப்பட்ட முறையின்படி அந்த எண் 54 வரை போகலாம். எண் குறையக் குறைய ஆட்டம் மேம்பட்டது என்று பொருள். ஆனால் அந்த எண்ணைப் பெற ஒரு கிளப்பின் உறுப்பினராக இருக்க வேண்டும். பை சுமக்கும் கேடி, தாம் யாருடைய பையைச் சுமக்கிறாரோ அவரைவிட நன்றாக ஆடக்கூடும். எனினும் அவருக்குப் பெரும்பாலும் எண் இல்லை. எண் இல்லாதவருக்குத் ‘திறன்நிலை’யும் இல்லை.

இந்தச் சிக்கலை ஆண்டர்சன்பேட்டையில் நின்று பார்ப்பது பொருத்தம். கோலார் தங்கவயலை 1880 முதல் நிர்வகித்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் அதிகாரிகள் அங்கே ஒரு குட்டி இங்கிலாந்தை அமைத்துக்கொண்டனர். பங்களா, கிளப், தேவாலயம் ஆகியவற்றோடு கோல்ஃப் திடலும் வந்தது. 3,000 மீட்டருக்கும் ஆழமான சுரங்கத்தில் இறங்கியவர்களோ பெரும்பாலும் வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தலித் மக்கள். மேலே ஐரோப்பியர், நடுவில் ஆங்கிலோ இந்தியர், அடியில் தமிழர் என்று அடுக்கப்பட்ட அந்தப் படிநிலையை நியாயப்படுத்தப் பயன்பட்ட சொற்களுள் முதன்மையானது ‘திறன்’. கூரைப்பாறையைத் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே அது நிற்குமா விழுமா என்று அறியும் செவி, கூலிப்பட்டியலில் திறனாக எண்ணப்படவில்லை. இந்தத் தொழிலாளரின் உலகத்தை ஜானகி நாயர் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். கைரேகைப் பதிவை எதிர்த்து 1930-இல் நடந்த வேலைநிறுத்தத்தையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும். ஒரு மனிதரைப் பதிவேட்டில் எவ்வாறு எழுதுவது என்பது அங்கே அன்றே போராட்டத்துக்குரிய பொருளாகிவிட்டது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் எஞ்சின. இன்று பல்லாயிரம் பேர் மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலில் சென்று வருகின்றனர். கோல்ஃப் திடல்கள் நிறைந்த நகரம் அது. திடலில் வேலை கிடைக்கும் இளைஞருக்கு விளையாட்டும் ஒரு பிழைப்பு வழியாகலாம் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே. பெங்களூரில் கேடியாக இருந்த சி. முனியப்பா 2009-இல் இந்தியன் ஓபன் பட்டம் வென்றார். அவருக்கு முன்னரே, டெல்லித் திடலில் கேடியாக இருந்த அலி ஷேர் 1991-இல் அதே பட்டத்தை வென்று, அதை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரரானார். எந்த அயர்ன் வாங்குவது என்ற கேள்வி இத்தகைய இளைஞருக்குப் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. தவறான செட் ஒன்று குடும்பத்தின் பல மாதச் சேமிப்பை விழுங்கிவிடும்.

அயர்ன்களின் வரலாற்றைச் சிறிது அறிந்தால் விலைப்பட்டியலின் மாயம் பாதி கலைந்துவிடும். நூறாண்டுகளுக்கு முன் அயர்ன்களுக்கு எண் இல்லை, பெயர் இருந்தது. கிளீக், மாஷி, நிப்ளிக், இரண்டுக்கும் நடுவே மாஷி நிப்ளிக் என ஒவ்வொன்றும் ஒரு பயனைக் குறித்தது. ஹிக்கரி மரத்தண்டு போய் எஃகு ஷாஃப்ட் வந்ததும், 1929-இல் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ அமைப்பும் அதை ஏற்றதும், ஒரே அச்சில் பொருந்திய செட்டுகளைப் பெருமளவில் செய்ய முடிந்தது, எண்கள் நிலைபெற்றன. பையில் 14 மட்டைகளுக்கு மேல் கூடாது என்று அமெரிக்காவில் 1938-இலும் பிரிட்டனில் 1939-இலும் விதி வந்தது. விதி சொல்வது மேல்வரம்பை மட்டுமே. 14 மட்டைகள் இருந்தே தீரவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. விற்பவர்கள் மட்டும் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

பழைய அயர்ன் அடித்து உருவாக்கப்பட்ட மெல்லிய தகடு. அதனாலேயே பிளேடு எனப் பெயர். முகத்தின் நடுவில் பந்து பட்டால் நேராகப் பறக்கும். விலகிப் பட்டால் விரல்கள் அதிரும், தூரமும் குறையும். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, நாற்பது வயதைக் கடந்த பின்னரே கோல்ஃப் கற்ற கார்ஸ்டன் சோல்ஹைம் இதை இயற்பியல் சிக்கலாகக் கண்டார். எடையை நடுவிலிருந்து எடுத்து ஓரங்களுக்குக் கொண்டுபோனால், விலகிப் பட்ட அடியிலும் மட்டையின் தலை அதிகம் திருகாது. முதுகில் குழிவுள்ள இந்தக் கேவிட்டி பேக் வடிவத்தைச் சம்மட்டியால் அடித்துச் செய்வது கடினம்; வார்ப்பு வேண்டியிருந்தது. சுவாமிமலைச் சிற்பிகள் திருமேனி செய்யும் மெழுகு வார்ப்பின் தொழிற்சாலை வடிவமே அது. அவருடைய பிங் நிறுவனம் 1982-இல் வெளியிட்ட ‘ஐ 2’ அயர்ன் தொடக்க நிலையினர், தொழில்முறையினர் ஆகிய இரு சாராரின் பைகளிலும் இடம்பெற்றது. ‘திறன்நிலைக்கு ஓர் அயர்ன்’ என்ற வாதத்துக்கு இதைவிட எளிய மறுப்பு தேவையில்லை.

குழிவு அயர்னை ஆங்கிலத்தில் ‘ஃபர்கிவிங்’ என்பர். மன்னித்தல் என்றால் மன்னிக்கும் மேலோரும் மன்னிப்புக்கு நிற்கும் கீழோரும் தோன்றிவிடுகின்றனர். பிழைபொறுத்தல் என்ற தமிழ் வழக்கு இங்கு நன்கு பொருந்தும். பொறுப்பது என்பதில் சுமப்பது என்ற பொருளும் உண்டு. ஓரத்து எடை உண்மையிலேயே பிழையைச் சுமக்கத்தான் செய்கிறது.

இன்னொரு சொல்விளையாட்டு எண்களில் நடக்கிறது. 1980-களில் 7-ஆம் அயர்னின் முகச்சாய்வு ஏறத்தாழ 35 பாகை. இன்றைய ‘கேம் இம்ப்ரூவ்மென்ட்’ செட்டுகள் பலவற்றில் அது 30 பாகை அல்லது அதற்கும் கீழ். பழைய 6-ஆம் அயர்னுக்கு, சிலவற்றில் 5-ஆம் அயர்னுக்கே, 7 என்று பெயர் வைத்துவிட்டு ‘பந்து கூடுதல் தூரம் போகிறது’ என்று விளம்பரம் செய்கிறார்கள். எடை கீழிறக்கப்பட்டிருப்பதால் பந்து உயரமாகவும் எழுகிறது என்ற நிறுவனத் தரப்பு வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் அடியில் சாய்வு குறைந்ததால் பிட்சிங் வெட்ஜுக்கும் சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது. அதை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வாங்க வேண்டும். எனவே வாங்குபவர் கேட்க வேண்டியது மட்டையின் எண்ணை அன்று, பாகையை.

பட்டியல்கள் அறவே மறந்துவிடும் செய்தி மண். ‘தொடக்க நிலையினருக்கு அகன்ற அடிப்பாகம்’ என்ற அறிவுரை, நீர் பாய்ச்சிய மெத்தென்ற புல்தரைக்கு எழுதப்பட்டது. அங்கே அகன்ற அடி மண்ணுக்குள் புதையாமல் வழுக்கிச் செல்லும். கோலார் வட்டாரத்தின் வறண்ட, கெட்டித் தரையில் நிலைமை வேறு. அடிப்பாகத்தின் பவுன்ஸ் கோணமும் அகலமும் மிகுந்திருந்தால், மட்டை பந்துக்குப் பின்னே தரையில் மோதி எகிறிப் பந்தின் வயிற்றில் வெட்டும். பந்து எழாமல் தரையோடு ஓடும். ஆடுபவர் அதைத் தம் திறன்குறை என்று நம்பி மேலும் அகன்ற அயர்னை நாடுவார். இத்தகைய தரைக்கு ஓரத்தில் எடையுள்ள, ஆனால் அடி நடுத்தர அகலமே உள்ள குழிவு அயர்ன் ஏற்றது. சரளைக் கல் உள்ள தரையில் மென்னெஃகால் அடித்துச் செய்த விலையுயர்ந்த அயர்ன் விரைவில் வடுப்படும்; வார்ப்பு எஃகு தாங்கும்.

அப்படியானால் ஹேண்டிகேப் இல்லாதவர் தம் நிலையை எதைக்கொண்டு அறிவது? முகப்பவுடரைக் கொண்டு அறியலாம். 7-ஆம் அயர்னின் முகத்தில் அதை லேசாகப் பூசி இருபது பந்துகள் அடித்தால், பட்ட இடங்கள் தெரிந்துவிடும். தடங்கள் ஒரு ரூபாய் நாணய அளவுக்குள் குவிந்தால் எந்த அயர்னும் ஆகும். முகமெங்கும் சிதறினால் பிழைபொறுக்கும் அயர்ன் வேண்டும். ஒரே பக்கமாக, குதிகாலிலோ நுனியிலோ குவிந்தால் குறை மட்டையின் நீளத்திலோ நிற்கும் தூரத்திலோ இருக்கலாம். அடிப்பாகத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பலகைமேல் அடித்தால், தேய்ந்த இடம் நிமிர்வுக்கோணம் பொருந்துகிறதா என்பதையும் காட்டும். வலக்கை ஆட்டக்காரருக்கு நுனி தூக்கி நின்றால் பந்து இடப்பக்கம் போகும்; இதைப் பயிற்சியால் திருத்த முனைவது வீண் உழைப்பு. ஷாஃப்டின் விறைப்பு வீச்சின் வேகத்தைப் பொறுத்தது. அதில் தன்மானத்துக்கு இடமில்லை.

முதல் செட் முழுச் செட்டாக இருக்கத் தேவையில்லை. 3, 4 எண்ணுள்ள நீள அயர்ன்களைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம். பழைய குழிவு அயர்ன்களில் 7, 9, ஒரு சாண்ட் வெட்ஜ், ஒரு ஹைப்ரிட், ஒரு பட்டர் ஆகியவற்றோடு ஓராண்டு ஆடலாம். இரண்டாம் கைச் சந்தையில் அடிக்கடி மாறுவது தலையின் நாகரிகமே, இயற்பியல் அன்று. சிறுவர்களுக்குப் பெரியவர் மட்டையை அறுத்துக் கொடுக்கும் வழக்கம் மட்டும் ஒழிய வேண்டும். அறுத்த ஷாஃப்ட் விறைத்துப்போகும், தலையோ அதே எடையில் இருக்கும். பன்னிரண்டு வயதுக் கைகள் அதற்கேற்பத் தவறான வீச்சைக் கற்றுக்கொள்ளும்.

பிளேடில் கற்றவரே உண்மையான ஆட்டக்காரர் என்று மூத்த பயிற்சியாளர்கள் சிலர் கருதுவதுண்டு. கழித்துப்போட்ட ஒற்றை அயர்னில் தொடங்கிச் சாதித்தவர்களைச் சான்றாகவும் காட்டுவர். அதே அயர்னில் தொடங்கி மணிக்கட்டு நொந்து விலகிப்போனவர்கள் எந்தச் சான்றிலும் வருவதில்லை. வறுமையைப் பயிற்சிமுறையாக உயர்த்திப் பேசுவது, மட்டையை வாங்கித் தர இயலாதவர்களுக்கும் மனமில்லாதவர்களுக்கும் வசதியான வாதம்.

செய்யத்தக்கது ஒன்று உண்டு. பல இந்தியக் கிளப்புகளில் திடல் மூடியிருக்கும் வார நாளில் கேடிகள் ஆட அனுமதி உண்டு. அந்த ஆட்டங்களின் கணக்கை முறைப்படி பதிவுசெய்து, உறுப்பினர் கட்டணம் இல்லாமல் ஹேண்டிகேப் எண் வழங்க இந்திய கோல்ஃப் யூனியன் வழிசெய்யலாம். அட்டையில் ஆட்டத்தை எழுதக் கேடிகளுக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. உறுப்பினர்களின் அடிகளை அவர்கள்தாம் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.