கயிலை யாத்திரையும் வைத்தியப் பரிசோதனையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வேதாரண்யம் பேருந்து நிலையத்தருகே தேநீர்க் கடைத் தூண்களிலும், எங்கள் கோடியக்கரைக் குழகர் கோயிலுக்கு வரும் வழியிலுள்ள சுவர்களிலும் ஒட்டப்பட்டுவரும் கயிலாய மானசரோவர யாத்திரை விளம்பரங்களைக் குறித்து என் ஆட்சேபத்தைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். தமிழ்நாட்டுச் சமையற்காரர் உடன் வருவார், தயிர்சாதம் உண்டு, பசுபதிநாதர் தரிசனம் உண்டு என்றெல்லாம் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் அந்தத் தாள்களில், போகும் இடம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, அந்த உயரம் அறுபது வயதைக் கடந்த சரீரத்தை என்ன பாடு படுத்தும் என்பதைப் பற்றி ஒரு வரியேனும் காணப்படவில்லை.

கோடியக்கரையில் மேடு என்று காட்டத்தக்கது வனத்தினுள்ளே இருக்கும் இராமர்பாதம் ஒன்றுதான். அதன்மேல் ஏறி நின்றாலும் கடலுக்குச் சில அடிகள் உயரத்திலேதான் நிற்போம். இத்தகைய பூமியில் பிறந்து, வயலிலும் உப்பளத்திலும் உழைத்தே ஆயுளைக் கழித்த ஒருவர், நேபாளத்துச் சமவெளியிலுள்ள நேபாள்கஞ்சில் சிறு விமானம் ஏறி, ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்துச் சிமிகோட்டில் இறங்கி, அங்கிருந்து ஹெலிகாப்டரில் எல்லையோரத்து ஹில்சா சென்று, திபெத்துக்குள் தாண்டி, சில நாட்களுக்குள்ளாகவே 4,500 மீட்டருக்கும் மேலுள்ள மானசரோவரக் கரையில் இரவு தங்கும்படி செய்யப்படுகிறார். 3,000 மீட்டருக்கு மேல் போகிறவர்கள், இரவில் படுக்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது வைத்திய சாஸ்திரம் விதித்திருக்கும் வரம்பு. கயிலையை வலம்வரும்போது கடக்க வேண்டிய டோல்மா லா கணவாயோ 5,600 மீட்டரைத் தாண்டியது. அங்கே இழுக்கும் மூச்சில் கிடைக்கும் பிராணவாயு நம் கடற்கரையில் கிடைப்பதில் பாதியளவே. தலைவலி, வாந்தி என்று ஆரம்பிக்கும் உபாதை, கவனியாது விட்டால் நுரையீரலில் நீர் கோத்தோ மூளை வீங்கியோ உயிரையே கொண்டு போய்விடும். நோயாளியைத் தாமதமின்றிக் கீழே இறக்குவதே இதற்குத் தலையாய சிகிச்சை. ஆனால் குழுவுக்கெல்லாம் சேர்த்து ஒன்றாக வழங்கப்பட்ட விசாவில் சென்றவர் தனியே திரும்புவதற்கு அதிகாரிகளின் அனுமதி வேறு பெற்றாக வேண்டும். வானம் மூடிவிட்டாலோ, அனுமதி கிடைத்தும் ஹெலிகாப்டர் பறக்காது.

2018-ஆம் ஆண்டு ஜூலை மாதத் தொடக்கத்தில் இதுவே நடந்தது. மழையாலும் மேகத்தாலும் சிமிகோட்டிலும் ஹில்சாவிலும் திபெத்துப் பக்கத்திலுமாக 1,500-க்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் சிக்கிக்கொண்டார்கள். சிலர் அந்த யாத்திரையிலேயே உயிர் நீத்தார்கள். நேபாளத்திலுள்ள நம் தூதரகம் தமிழ் உட்படப் பல பாஷைகளில் தொலைபேசி உதவிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. நேபாளப் பக்கத்தில் வைத்திய வசதி போதாது, யாத்திரிகர்களைத் திபெத்துப் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள் என்று ஏஜெண்டுகளை அப்போது கேட்டுக்கொண்டதும் நம் சர்க்கார்தான்.

அந்த சர்க்கார் தானே நடத்தும் யாத்திரையில் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறது! இந்தியாவிலிருந்தே நேராகத் திபெத்துக்குள் போகும் லிபுலேக், நாதுலா கணவாய் வழிகளில் செல்வோர் 18 வயதுக்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். டில்லியில் இருதயத்தையும் சுவாசத்தையும் சோதித்துப் பார்த்துத் தேறினால்தான் புறப்படலாம். மலைமேல் ஏறிய பிறகும் இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் வைத்தியர்கள் மறுபடி சோதிக்கிறார்கள். ஐந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு 2025-இல் அந்த யாத்திரை மீண்டும் தொடங்கியபோது இவ்வழிகளில் 750 பேருக்கே இடம் ஒதுக்கப்பட்டது. இடம் கிட்டாதவர்கள் நேபாள வழியை நாடுகிறார்கள். அதே மலை, அதே உயரம், அதே சரீரம். பரிசோதனை மட்டும் வியாபாரிகளின் சௌகரியத்துக்கு விடப்பட்டிருக்கிறது என்பதை எப்படிப் பொறுப்பது?

எங்கள் தெருவில், இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிட்டுவரும் மூதாட்டி ஒருவர் முன்பணம் கட்டியபோது, ஏஜெண்டு கொடுத்த படிவத்தில் கையெழுத்திட்ட வைத்தியர் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. வழியில் எது நேர்ந்தாலும் ஸ்தாபனம் பொறுப்பல்ல என்று அதே படிவத்தின் அடியில் பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில், இருந்ததை அவருக்குப் படித்துச் சொன்னவன் நான். பக்தியின் காரியத்தில் பிறர் தலையிடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். அபாயத்தை அறிந்து துணிகிறவரை நான் தடுக்கவில்லை. அறியாதபடி மறைத்துப் பணம் வாங்குவதைத்தான் கண்டிக்கிறேன்.

நேபாள வழியாகச் செல்வோர்க்கும் அதே பரிசோதனையை மத்திய அரசு கட்டாயமாக்க வேண்டும். தஞ்சாவூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலேயே அதைச் செய்துகொள்ள வழி செய்தால், ஏழைகள் டில்லிவரை அலைய நேராது. தங்கும் ஒவ்வோரிடத்தின் உயரத்தையும், காப்பீட்டில் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு அடங்குமா என்பதையும் ஏஜெண்டுகள் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க வேண்டும். மானசரோவர யாத்திரைக்கு மானியம் வழங்கும் நம் அறநிலையத் துறை இதில் முன்கை எடுப்பது பொருத்தமாயிருக்கும். சம்பா அறுவடையாகி நெல் விற்ற பணம் கையிலிருக்கும் மாசி, பங்குனி மாதங்களிலேதான் ஏஜெண்டுகள் இப்பக்கத்து ஊர்களில் முன்பணம் வசூலிக்கிறார்கள். ஆகையால் உத்தரவு எதுவாயினும் அது தை மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகன்,
கோடியக்கரை