குடியிருப்பவரின் நாய் கடித்தால் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு உண்டா?



வாடகைக்குக் குடியிருப்பவர் வளர்க்கும் நாய் தெருவில் விளையாடும் குழந்தையைக் கடித்துவிட்டால், "வீடுதான் என்னுடையது, நாய் என்னுடையதன்று" என்று வீட்டின் உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ளலாமா? களமருதூர் போன்ற நம் ஊர்களில் இது வீண் கேள்வியன்று. உரிமையாளர் வளைகுடா நாட்டிலோ சென்னையிலோ இருப்பார். வாடகை மட்டும் மாதந்தோறும் அவர் கணக்கில் சேரும். வீட்டு வாசலில் நடப்பது அவரைவிட அண்டை வீட்டாருக்கே நன்றாகத் தெரியும்.

2024 மே 5 அன்று சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில், காவலாளியின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். முதற்பொறுப்பு நாயை வைத்திருப்பவருடையதே என்பதில் ஐயமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி, தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்கத் தவறியவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். விலங்கு யார் வசம் இருந்தது என்பதையே இப்பிரிவு பார்க்கிறது. ஆகவே, வீட்டை வாடகைக்கு விட்டார் என்பதற்காக மட்டும் உரிமையாளர் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

ஆனால், அவருக்குத் தெரிந்திருந்தால்? 1975இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இதே கேள்வியை எதிர்கொண்டது. குடியிருந்தவரின் நாய் ஒரு சிறுமியைக் கடித்த வழக்கு அது. நாய் ஆபத்தானது என்பதை வீட்டுக்காரர் உண்மையிலேயே அறிந்திருந்து, அதை அகற்றச் செய்யும் அதிகாரமும் அவரிடம் இருந்திருந்தால், அவர் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று அந்நீதிமன்றம் கூறியது. அறிவும் அதிகாரமும் ஒருவரிடம் சேரும்போது அங்கே பொறுப்பும் சேர்ந்துவிடுகிறது.

இந்த நியாயம் நமக்குப் புதிதன்று. ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்ட நூல், விலங்கு தானாகச் செய்யும் சேதத்திற்கு அதன் உரிமையாளர் ஈடு தரவேண்டியதில்லை என்பதைப் பொது விதியாகக் கொள்கிறது. ஆனால் முட்டும் மாடு, கடிக்கும் நாய் ஆகியவற்றைக் கட்டிவைக்கும்படி ஊரார் எச்சரித்த பின்னும் ஒருவர் அவிழ்த்துவிட்டால், அவை பிறர் கால்நடைக்கோ பொருளுக்கோ செய்யும் சேதத்திற்கு அவரே ஈடு தரவேண்டும் என்கிறது. சாய்ந்து நிற்கும் சுவருக்கும் இதே விதிதான். எச்சரிக்கப்பட்டு, இடிக்கப் போதிய அவகாசமும் இருந்து, அவர் வாளாவிருந்தால் விழுந்த சுவருக்கு அவர் பொறுப்பு. அதிலும் அந்த எச்சரிக்கை வாடகைக்கு இருப்பவரிடம் சொல்லப்பட்டால் போதாது, சுவரை இடிக்கும் அதிகாரமுள்ள உரிமையாளரையே சேரவேண்டும் என்று ஹனஃபி அறிஞர்கள் விளக்கியுள்ளனர்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் சுவருக்கும் இவ்வளவு நுட்பமாகச் சிந்தித்த மார்க்கத்தில், ஒரு குழந்தையின் உடலுக்கு நேரும் தீங்கை "என் நாயன்று" என்ற ஒரு சொல்லால் கடந்துவிட முடியாது. தன் தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியாதவரின் ஈமானைக் குறித்து நபி (ஸல்) அவர்கள் எவ்வளவு கடுமையாக எச்சரித்தார்கள் என்பதை நாம் அறிவோம். அண்டை வீட்டார் தொலைபேசியில் முறையிட்ட அந்த நாளிலேயே உரிமையாளரின் பொறுப்பு தொடங்கிவிடுகிறது என்பதே என் கருத்து. வாடகை தவறாமல் வருகிறது என்பதற்காக மௌனம் காப்பது அமானிதத்திற்கு அழகன்று.

இதைச் சாக்காக வைத்து, நாய் வளர்ப்பவர் எவருக்கும் வீடு இல்லை என்று கதவடைப்பதும் நீதியாகாது. கால்நடைக்கும் விளைநிலத்திற்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கம் அனுமதிக்கிறது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்ட செய்தியும் நமக்குத் தெரிந்ததே. வாடகைக்கு வருபவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம், பிற சமயத்தவராகவும் இருக்கலாம். அவரிடம் கேட்கவேண்டியது நாய் உண்டா என்பதை மட்டுமன்று, அதை எப்படி வைத்திருக்கிறார் என்பதையும்தான்.

தமிழ்நாட்டில் 2019 முதல் நடப்பிலுள்ள வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அவ்வொப்பந்தத்தில் சில வரிகளைச் சேர்ப்பது கடினமன்று. நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடவேண்டும். வெளியே கொண்டுசெல்லும்போது சங்கிலி வேண்டும். கடித்ததாகப் புகார் வந்தால் குறித்த நாளுக்குள் நாயை அகற்றவேண்டும். புகார் வந்தால் எழுத்திலேயே அறிவிப்புக் கொடுங்கள். பொதுவான கேட்டும் மாடிப்படியும் உங்கள் பராமரிப்பில் இருந்தால் தாழ்ப்பாளைச் சரிசெய்வது உங்கள் வேலை. ஊரில் இல்லாதவர்கள், தம் சார்பில் வீட்டைக் கவனிக்க ஒருவரை நியமிக்கட்டும்.

இத்தனைக்குப் பின்னும் கடி நேர்ந்துவிட்டால், யார் பொறுப்பு என்ற வாக்குவாதம் காத்திருக்கலாம், காயம் காத்திருக்காது. சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் தடவாமல், சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. முதல் ஊசியோடு நின்றுவிடாமல் எல்லா ஊசிகளையும் போட்டு முடிக்க உதவுங்கள். அதன் பின் செலவையும் இழப்பீட்டையும் ஜமாஅத் பெரியவர்கள் முன்னிலையிலோ நீதிமன்றத்திலோ பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

நம் உடைமைகளால் எவருக்கும் தீங்கு நேராமல் அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.